கூலிங் இல்லாத பீர்

பிராந்தி சூடு, பீர் குளிர்ச்சி. குடிக்கிறவர், குடிக்காதவர், குடிக்கிறவரைத் திட்டுகிறவர் என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் சங்கதி இது. மழையில் நனைந்து தும்மினால் பிராந்தி. அக்கினி நட்சத்திரத்தில் உடம்பு காந்தினால் பீர். அதனால் போன டிசம்பரில், "வீட்ல ஜெர்மனி பீர் இருக்கு, சாயங்காலம் வா" என்று வண்ணார்பேட்டை நண்பனைக் கூப்பிட்டபோது அவன் சொன்ன பதிலில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "மார்கழியில எவனாவது பீர் குடிப்பானாடே? நெஞ்சுல சளி கட்டிக்கிடும். சித்திரைக்கு எடுத்து வையி, வாரேன்." சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. பீருக்கு ஏதுடா சித்திரையும் மார்கழியும் என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், நுங்குக்கும் மாம்பழத்துக்கும் காலம் பார்க்கிற ஊரில் பிறந்தவன் பீருக்கு மட்டும் ஏன் பார்க்கக்கூடாது என்றும் தோன்றியது.

பாட்டிலைக் கொண்டுவந்தவன் சித்தி மகன், எனக்குத் தம்பி. மியூனிக் பக்கம் வேலை. கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டும் ஷாம்பூவும்தான் வரும். இந்தத் தடவை குளிர்கோட்டுக்குள் சுருட்டி அரை லிட்டர் பாட்டில் நான்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வை கட்டாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர் என்பதால் கணக்கு கச்சிதமாக இருந்தது. குளிர்காலத்துக்கென்றே காய்ச்சுகிற கோதுமை பீர். வைசன்போக் என்று இந்த வகைக்குப் பெயர். சாதாரண கோதுமை பீரைவிடக் கறுப்பு, கெட்டி, போதையும் கூடுதல். நம் கணக்குக்குக் கார்த்திகை வாக்கில் கடைக்கு வந்து மாசிக்குள் தீர்ந்துவிடுமாம். அதற்கப்புறம் அந்த ஆலையில் போய்க் கேட்டாலும் கிடைக்காதாம். கிடைக்காது என்று அவன் சொன்ன விதத்தில் பெருமைதான் இருந்தது, வருத்தம் இல்லை.

திருநெல்வேலியில் குளிர்காலம் என்று சொன்னால் கோயம்புத்தூர்க்காரனே சிரிப்பான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தால் மார்கழியில் விடியற்காலம் 22, 23 டிகிரி. அதற்கே எங்கள் தெருவில் மங்கி குல்லாய் வெளியே வந்துவிடும். மழை ஓய்ந்தால் என்றுகூட இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. 2023 மார்கழி பிறந்ததும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணி ஊருக்குள் வந்ததிலிருந்து, அந்த மாதம் வந்தாலே ஆற்றை எட்டிப் பார்த்துக்கொள்கிறோம். மியூனிக் இருக்கிற பவேரியாவில் வெளியே பனி கொட்ட, உள்ளே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கிற சரக்கை இங்கே மின்விசிறிக்கு அடியில் வைத்துக் குடிப்பதில் கொஞ்சம் கோமாளித்தனம் உண்டு. அதை மறுக்கவில்லை.

கோதுமை விளையாத ஊரின் கோதுமை

நெல் உண்டு, வாழை உண்டு, பனை உண்டு. கோதுமை நம் பக்கத்துப் பயிர் இல்லை. ஆனால் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரன் வாயில் எச்சில் ஊறுவது கோதுமையால்தான். எங்கள் பெரியம்மா இன்னமும் வீட்டில் அல்வா கிண்டுவார். சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் பிழிந்து பாலெடுத்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்துவிடுவார். காலையில் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கிற தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலைத்தான் உருளியில் ஊற்றிக் கிண்ட வேண்டும். சின்ன வயதில் அந்தத் தெளிநீரை முற்றத்துச் செம்பருத்திக்கு ஊற்றுகிற வேலை என்னுடையது. லேசாகப் புளித்த, ரொட்டி மாவு போன்ற ஒரு வாடை வரும். பாட்டிலைத் திறந்து முகர்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். நான் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஜெர்மனிக்காரனை அல்வாச் சட்டிக்குள் இழுக்க வேண்டாமே என்று.

ஜெர்மனியிலும் கோதுமை பீர் சுலபமாக நடமாடிவிடவில்லை. பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டம் பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, தண்ணீர் இந்த மூன்றைத் தவிர பீரில் வேறெதுவும் சேரக்கூடாது என்றது. கோதுமை ரொட்டிக்கு வேண்டும், அதைக் காய்ச்சிக் குடித்துத் தீர்த்துவிடக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. சரி என்று பார்த்தால், பிறகு அந்த நாட்டு அரச குடும்பமே கோதுமை பீர் காய்ச்சுகிற உரிமையைக் கைக்குள் வைத்துக்கொண்டு நன்றாகச் சம்பாதித்தது. ஊருக்கு ஒரு சட்டம், அரண்மனைக்கு ஒரு சட்டம். மதுவை விற்று கஜானா நிரப்புகிற வித்தை நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை என்று தெரிந்துகொள்வதில் ஒரு சின்ன ஆறுதல். 1872-ல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் அந்த உரிமையை அரசரிடமிருந்து வாங்கினார். அவர் குடும்பத்து ஆலை 1907-ல் கறுத்த, கெட்டியான வகை ஒன்றை இறக்கியது. எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு பாட்டிலும் ஒருவகையில் அதன் பங்காளிகள்.

இன்னொரு சங்கதியைத் தம்பி சொன்னபோதுதான் என் நண்பனின் பேச்சு மறுபடி கிளறியது. 1553-லிருந்து பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை. நம் கணக்கில் சித்திரை பத்து முதல் புரட்டாசி நடு வரை. வெயிலில் பீர் கெட்டுப்போனதுதான் காரணம். கோதுமை பீருக்கு மட்டும் விலக்கு. அதைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் கதகதப்பில் வேலை செய்கிற இனம், கோடையிலும் தாக்குப்பிடித்தது. அதாவது இது பிறவியிலேயே வெயில்காலத்துச் சரக்கு. என் நண்பன் மியூனிக்கில் பிறந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதோடு விடவில்லை. வெயிலுக்கு மெலிதாக ஒன்று, பனிக்குக் கறுத்ததாக ஒன்று என்று ஒரே கோதுமையை இரண்டு காலத்துக்கும் பழக்கிவிட்டார்கள்.

பெரியப்பா வைத்துக் குடித்தது

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் நான், தம்பி, பெரியப்பா. பெரியப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டில் பிறந்து, வேலைக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். குடி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் ஒரு டம்ளர், அதுவும் பெரியம்மா பார்க்காத பக்கம். பாட்டில் ஃபிரிஜ்ஜின் அடித்தட்டில் ராத்திரியிலிருந்து கிடந்ததால் கை வைத்தால் ஒட்டுகிற குளிர். தம்பி கண்ணாடி டம்ளர்களைப் பச்சைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் ஈரத்தோடு சாய்த்துப் பிடித்து ஊற்றினான். ஈரம் இருந்தால் நுரை அடங்கி வருமாம். அப்படியும் மூன்று விரல் நுரை நின்றது. கோதுமையில் இருக்கும் புரதம் நுரையைத் தாங்கிப் பிடிக்கிறது, சட்டென்று உடைய விடாது. அதற்குக் கீழே, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் பீர்.

நானும் தம்பியும் ஆளுக்கொரு வாய் குடித்தோம். சில்லென்று இறங்கியது, நாக்கில் சுருக்கென்று குத்தியது, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு தூரம் என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பா குடிக்கவில்லை. டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், முகர்ந்தார், கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டார். "என்ன பெரிப்பா, பிடிக்கலையா?" என்றேன். "வாசமே வரல. கொஞ்சம் வச்சுக் குடிப்போம். பனி விடட்டும்." அப்புறம் பக்கத்து மனைக்காரர் வேப்பமரத்தை வெட்டிய வழக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டம்ளரின் வெளிப்புறத்தில் திரண்ட நீர் வழிந்து சுவரில் வட்டமாக ஈரம் கட்டியது. நுரை அரை விரலாக இறங்கியது. கால்மணி நேரம் ஆகியிருக்கும். எடுத்து மறுபடி முகர்ந்தார். இந்தத் தடவை மூக்கை டம்ளருக்குள்ளேயே விட்டார்.

"ஏல, இதுல பழம் போட்டிருக்கானா?"

தம்பி இல்லை என்றான். "இல்லையா? கோழிக்கூடு கனிஞ்சு தோல் கறுத்துக் கிடக்கும்லா, அந்த வாசம் வருது. மோந்து பாரு." முகர்ந்தேன். வாழைப்பழம்! சந்தேகமே இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "கிராம்பும் இருக்கு" என்றார். கிராம்பும் இருந்தது. தம்பி வாயைப் பிளந்துவிட்டான், ஏனென்றால் இந்த இரண்டையும்தான் அங்கே கோதுமை பீருக்கு அடையாளமாகச் சொல்வார்களாம். பழமும் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. புளிக்கும்போது அது உண்டாக்குகிற ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருள்தான் கனிந்த வாழைப்பழத்திலும் மணக்கிறது. கிராம்பு வாசத்துக்கு வேறொரு பொருள். தானியத்தின் உமிப்பகுதியில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை அந்த ஈஸ்ட் மாற்றித் தருவது. இதெல்லாம் குளிரில் ஆவியாக எழும்பாது. இனிப்பை உணர்கிற திறனும் குளிர்ந்த நாக்குக்குக் குறைவு. அதனால்தான் கெட்டியான குளிர்கால பீரை 10, 12 டிகிரியில் வைத்துக் குடிக்கச் சொல்வார்கள் என்று தம்பி விளக்கினான். பெரியப்பா பாதியில் கையமர்த்தினார்.

"கள்ளு மட்டும் என்னவாம்? விடியக்காலம் இறக்குனா இனிப்பு. பத்து மணிக்கு மேல கொஞ்சம் வெறப்பு ஏறி, இந்தா, இதே பழ வாசம் வரும். மத்தியானம் ஆச்சுன்னா புளிப்பு. எந்தப் பனையில இறக்குனதுன்னு குடிச்சே சொல்லிருவாவ எங்க ஊர்ல. அத எவன் ஐஸ்ல வச்சான்?"

பெரியப்பா இவ்வளவு பேசி நான் கேட்டது குறைவு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதனீர். தடவாவிட்டால் பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் புகுந்து கள்ளாகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஒரே கலயத்துக் கள்ளுக்குள் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று தனித்தனி ருசி உண்டு, ஆளுக்குத் தகுந்தபடி நேரம் பார்த்து வந்து குடிப்பார்கள் என்பதை அன்றுதான் கேட்டேன். பெரியப்பா அதைச் சொல்லும்போது குரலில் போதைக்காரனின் ஏக்கம் இல்லை. கர்நாடக சங்கீதக்காரர் ராகத்துக்கு நேரம் சொல்கிற தோரணை இருந்தது.

அப்புறம் மண்டிச் சண்டை வந்தது. பாட்டிலின் அடியில் ஈஸ்ட் தங்கியிருக்கும். கடைசி இரண்டு விரல் பீரோடு அதைச் சுழற்றிக் கலக்கி, டம்ளரில் ஊற்றிக் குடிப்பதுதான் பவேரியா முறை. தம்பி சுழற்றியதும் பெரியப்பா டம்ளரைக் கையால் மூடிவிட்டார். "மண்டிய ஊத்தாத. வயித்தக் கலக்கும். நாங்க பன்னாடையில வடிகட்டித்தாம் குடிப்போம்." இவன் அதுதான் ருசி என்கிறான், அவர் அது கழிவு என்கிறார். கடைசியில் இரண்டு டம்ளர் வைத்து ஒன்றில் தெளிவு, ஒன்றில் மண்டியோடு என்று ஊற்றினான். தெளிவானதில் இனிப்பும் பழமும் தூக்கலாக இருந்தன. கலங்கியது நாக்கில் மெத்தென்று படிந்தது, ரொட்டி வாசம் கூடியது, கிராம்பு அமுங்கிப்போனது. பெரியப்பா இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, "ரெண்டும் ரெண்டு குடி" என்றார். அதற்குமேல் தீர்ப்புச் சொல்லவில்லை.

அந்நேரம் பெரியம்மா பனங்கிழங்குத் தட்டோடு மாடியேறி வந்தார். மறைக்க நேரமில்லை. டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது: "அல்வாவுக்கு இறுத்த தண்ணி வாடைல்லா அடிக்கு. இதுக்கா வெளிநாட்டுலருந்து தூக்கிச் சுமந்துட்டு வந்தான்?" நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

கூலிங்

நம் பக்கத்துக் கடையில் பீர் வாங்கப் போகிறவன் முதலில் கேட்பது என்ன பீர் என்று இல்லை. "கூலிங் இருக்கா?" என்றுதான். இருந்தால் எதுவானாலும் சரி, இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம். சித்திரையில் கூலிங் தீர்ந்துபோனால் கடை வாசலில் கைகலப்பு வராத குறை. இதை நான் கேலி செய்யவில்லை. வருஷம் முழுக்க, கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை, ஒரே மாதிரி அடைத்து வருகிற சரக்கில் குளிரைத் தவிர ருசிப்பதற்கு வேறென்ன இருக்கிறது? கால்மணி நேரம் கைப்பிடிச் சுவரில் வைத்தால் அதைக் குடிக்க முடியாது. என் நண்பன் பீர் குளிர்ச்சி என்று சொல்வதும் இதைத்தான். அவன் குடித்தது ஃபிரிஜ்ஜின் குளிர்ச்சியை. பிராந்தியின் சூடு என்பதும் இதே கதை. எந்த மதுவும் தோலுக்கடியில் ரத்தக் குழாயை விரியவைப்பதால் சூடு ஏறுகிற மாதிரி இருக்கும்; உண்மையில் உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். ஜெர்மனிக்காரனின் குளிர்கால பீருக்கும் அது பொருந்தும், அதில் மட்டும் அவனுக்குச் சலுகை கிடையாது.

எனக்கு உறுத்தியது என்னவென்றால், காலம் பார்த்துக் குடிக்கிற நாக்கு இந்தச் சீமையில் இருந்திருக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் பதனீர். அதிலும் பனையோலைப் பட்டையைக் குவித்துப் பிடித்து, மாங்காய்த் துண்டோ நுங்கோ போட்டுக் குடிப்பது. ஐப்பசியில் யாரும் பதனீர் கேட்கமாட்டார்கள், கிடைத்தால் சந்தேகப்படுவார்கள். கள்ளும் அந்தக் காலக்கணக்குக்குள்தான் இருந்தது. 1987 ஜனவரி 1-ல் அது சட்டப்படி முடிந்தது. பெரியப்பா அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: "86 அக்டோபர்ல தூத்துக்குடிய தனி மாவட்டமாப் பிரிச்சானுவ, மூணு மாசத்துல கள்ளையும் நிறுத்திட்டானுவ. பனையெல்லாம் அந்தப் பக்கம் போச்சு, குடி இந்தப் பக்கம் வந்துட்டு." அரசின் மொத்த விற்பனைக் கழகமாக டாஸ்மாக் 1983-லேயே வந்துவிட்டது, சில்லறைக் கடைகளையும் 2003-ல் அதுவே எடுத்துக்கொண்டது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு போனால் கள் சட்டப்படி கிடைக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் பானம், இந்தப் பக்கம் குற்றம்.

கள்ளுக்காக நான் கொடி பிடிக்க வரவில்லை. குடியால் நாசமான வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு, அந்த வீட்டுப் பெண்களிடம் போய் ருசியைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. கள்ளுக்கடையும் அந்தக் காலத்தில் பலரின் கூலியை விழுங்கியதுதான். பெரியப்பாவின் சித்தப்பா ஒருவர் அப்படியே போனார் என்று அவரே சொல்வார். ஆனால் தடை வந்து குடி குறைந்ததா என்று கேட்டால் சொல்லத் தேவையில்லை. குறைந்தது பழக்கம்தான். மரம் பார்த்து, நேரம் பார்த்து, முகர்ந்து, கொஞ்சம் வைத்துக் குடிக்கிற பழக்கம். எங்கள் தலைமுறையில் பாட்டிலைத் திறந்ததும் மூக்குக்கு வேலை கொடுப்பவனை நான் பார்த்ததில்லை. கண்ணை மூடி மடக்கென்று ஊற்றிக்கொண்டு, ஊறுகாயை நக்கிக்கொள்கிறோம். முப்பது வருஷத்துக்கு மேல் கள்ளைத் தொடாத ஒரு கிழவர், வாழ்நாளில் கேள்விப்படாத ஒரு பீரை அதன் சொந்த ஊர்க்காரனைப் போலக் குடித்துக் காட்டினார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மீதிப் பாட்டில்களை அடுத்த சில நாட்களில் நாங்களே முடித்தோம். யாருக்காவது இப்படி ஒன்று கையில் வந்தால் நாங்கள் கண்ட முறை இது: பாட்டிலைப் படுக்கப் போடாமல் நிறுத்தியே வைக்க வேண்டும். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து, மார்கழியானால் கால்மணி நேரம் வெளியே வைத்தால் போதும், அதற்குமேல் நம் ஊர்ச் சூடு பொறுக்காது. எவர்சில்வர் டம்ளர் ஆகாது. ஊறுகாயும் மிக்சரும் இதற்குச் சேரவே இல்லை, காரம் வாழைப்பழ வாசத்தைத் தின்றுவிடுகிறது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கை நார் உரித்து, மிளகுத்தூள் தூவி, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட்டுக் கடித்துக்கொண்டால் அப்படி ஒரு பொருத்தம். பனங்கொட்டையை மண்ணில் புதைத்து முளைத்து வருகிற அந்தக் கிழங்கும் மார்கழி, தையில்தான் கிடைக்கும்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று தம்பி, அடுத்த வருஷமும் இதையே கொண்டுவரட்டுமா என்று பெரியப்பாவிடம் கேட்டான். "கொண்டா. ஆனா டிசம்பர்ல வராத. பங்குனியில வா, தேரிக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி பதனி வாங்கித் தாரேன். நீயும் மோந்து பாத்துச் சொல்லு" என்றார். பங்குனியில் இந்த பீர் அங்கேயே இருக்காது, அதுவும் போக அவனுக்கு லீவும் கிடைக்காது. இரண்டையும் சொன்னான்.

"அப்ப கிழங்கத் தின்னுட்டுப் போ" என்று ஒரு கட்டுப் பனங்கிழங்கை எடுத்து அவன் பெட்டியில் வைத்தார் பெரியப்பா.